அரச்சலூர் முகாமும் ஈரோட்டு ஆராதனையும்

1990இல் இலங்கையிலிருந்து படகில் வந்து, மண்டபம் வழியாக அரச்சலூர் முகாமுக்கு அனுப்பப்பட்டபோது, இந்த நாட்டில் எனக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் ஆராதனை முறை தெரியும். தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானபோதே எங்கள் யாழ்ப்பாண ஆதீனமும் (இங்கே திருமண்டலம் என்பார்கள்) அதில் சேர்ந்திருந்தது. வட்டுக்கோட்டையில் சிறுமியாகப் படித்த பாவ அறிக்கையையும் விசுவாசப் பிரமாணத்தையும் ஈரோட்டில் புத்தகம் பாராமல் சொன்னேன்.

நற்கருணைக்கு முன் சமாதானம் கொடுக்கும் நேரம். பக்கத்தில் இருந்த பாட்டி தம் இரு கைகளுக்குள் என் கையை வாங்கிக்கொண்டார். நகக்கண்ணெல்லாம் மஞ்சள், மஞ்சள் மண்டியில் வேலை. "எந்த ஊரு அம்மணி?" என்று கேட்டார். சொன்னேன். அதன்பின் ஞாயிறுதோறும் எனக்கு இடம் பிடித்து வைத்தார்.

பாட்டில்தான் சற்றுத் தடுமாற்றம். வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் இரு கரைக்கும் சொந்தம். எங்கள் கோயிலில் ஆர்மோனியத்தோடு நிறுத்தி, இழுத்துப் பாடுவோம். இங்கே தபேலா விரட்டும், இப்போது கீபோர்டு இன்னும் விரட்டுகிறது. கீர்த்தனையை அவசரப்படுத்தக் கூடாது என்பதில் நான் இன்றும் உறுதியாக இருக்கிறேன். பாடகர் குழுவில் அதைச் சொல்லியும் இருக்கிறேன்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கைப்பிடி அரிசி உண்டு. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்து, ஞாயிறன்று கொண்டுவருவார்கள். அந்த அரிசி பிள்ளை பெற்ற வீடுகளுக்கும் படுக்கையில் கிடப்பவர்களுக்கும் போகும், முகாமுக்கும் வந்தது. வாங்கிக்கொண்டே இருக்க மனம் ஒப்பவில்லை. ரேஷன் அரிசியில் நானும் பிடி எடுத்தேன். சங்கத் தலைவி அதைத் தனியே வைக்காமல் எல்லோருடைய அரிசியோடும் கொட்டினார். அன்றுதான் நான் அந்தச் சபையின் ஆள் ஆனேன்.

2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் செய்திகள் வந்தபோது சபை உபவாச ஜெபம் வைத்தது. காணாமல் போன எங்கள் உறவினர் பெயர்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்தோம். ஆயர் ஒவ்வொன்றாக வாசித்தார். ஜெபத்தோடு நிற்கவில்லை. மகளின் கல்லூரிச் சேர்க்கை சான்றிதழ் இல்லாமல் முடங்கியபோது, சபையார் இருவர் வேலையை விட்டுவிட்டு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு என்னோடு வந்து வரிசையில் நின்றார்கள்.

முகாமுக்கு இப்போது மறுவாழ்வு முகாம் என்று பெயர். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் எங்களுக்கு இடமில்லை. இங்கேயே பிறந்த என் மகளுக்கும் இன்னும் குடியுரிமை இல்லை. ஞாயிறு மன்றாட்டில் அதைக் கேட்கிறோம். சபையார் கையெழுத்திட்ட மனுவும் மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது.