கும்பகோணத்தில் ஓவியக் கண்காட்சி: ஓதம், பல்லி, சிவப்புப் பொட்டு

ஓவியரிடம் பேசுவதற்கு முன் காலண்டரைப் புரட்டுங்கள். கும்பகோணம் மாதிரி ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காகித ஓவியம் எதையும் மாட்டக் கூடாது. தை பிறந்தால் ஈரம் தணியும். ஆனால் முகூர்த்த ஞாயிறன்று திறப்பு விழா வைத்தால் ஊரே கல்யாண மண்டபத்தில் இருக்கும். ஆடியில் அந்தத் தொல்லை இல்லை. பார்க்க வருவார்கள், வாங்குவதைத்தான் ஆவணிக்குத் தள்ளுவார்கள். அரசு கவின்கலைக் கல்லூரியின் தேர்வு நாட்களையும் விசாரித்துக்கொள்ளுங்கள். தினமும் வருகிறவர்களில் பெரும்பகுதி அந்த மாணவர்கள்தான்.

அதிகம் செலவு வைப்பது சுவர். பழைய வீட்டுச் செங்கல் சுவரில் தரையிலிருந்து மூன்று, நான்கு அடி வரை ஓதம் ஏறியிருக்கும். சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசினால் சரியாகிவிடும் என்பார்கள். சரியாகாது. சுண்ணாம்பு வழியே வெளியேறிக்கொண்டிருந்த ஈரம் சிமென்ட்டில் அடைபட்டு இன்னும் மேலே ஏறும். நாங்கள் சுவரைத் தொடாமல், இரண்டு அங்குலம் முன்தள்ளி ரீப்பர் சட்டம் அடித்து, 12 மி.மீ. பிளைவுட் நிறுத்துகிறோம். 40 அடி நீளத்துக்கு எட்டுக்கு நான்கு அடிப் பலகை பத்து போதும். அடியில் நான்கு அங்குலம் தரையைத் தொடாமல் விடுங்கள். மேல்பக்கத்தையும் மூட வேண்டாம். காற்று ஓடாவிட்டால் பலகைக்குப் பின்னால் பூஞ்சையும் கரையானும் குடியேறும்.

ஆணி அடிக்கும் உயரத்துக்குக் கண்மதிப்பு வேண்டாம். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 58 அங்குலத்தில் வர வேண்டும். 36 அங்குல உயரப் படம், பின்கம்பியை இழுத்துப் பிடித்தால் மேல்விளிம்புக்கு மூன்று அங்குலம் கீழே நிற்கிறது என்றால், 58 + 18 − 3 = 73 அங்குலத்தில் கொக்கி. இரண்டு அடிக்கு மேல் அகலமானால் இரண்டு கொக்கி. ஒன்றில் மாட்டினால் மின்விசிறிக் காற்றிலேயே சாய்ந்துவிடும்.

ஹாலில் ஈரப்பதமானி ஒன்று கட்டாயம். 65 சதவீதத்தைத் தாண்டித் தொடர்ந்து நின்றால் காகிதத்தில் பழுப்புப் புள்ளிகளை எதிர்பார்க்கலாம். பகலில் மட்டும் ஏசி போட்டு இரவில் அணைப்பது, ஏசியே போடாததைவிட மோசம். ஈரம் ஏறி இறங்க, கேன்வாஸ் தொய்யும், காகிதம் அலைபாயும். ஏசிக்குப் பதில் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை இரவும் ஓடவிடுங்கள்.

விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லி எச்சம் ஓவியத்தில் விழும். அக்ரிலிக் வண்ண ஓவியத்தில் விழுந்த எச்சத்தைத் துடைத்தால் கறை சட்டென்று போவதில்லை. துடைத்த இடம் தனியாகப் பளபளக்கும். மாலையில் சன்னலை அடைத்த பிறகே விளக்கைப் போடுவது, பார்வையாளர் போனதும் அணைத்துவிடுவது, இவ்வளவுதான் நாங்கள் கண்ட மருந்து. நிறம் மாறாமல் தெரிய, சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90க்கு மேற்பட்ட எல்இடி வாங்கி, செங்குத்துக் கோட்டிலிருந்து 30 டிகிரி சாய்த்து வையுங்கள். காகித வேலைக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும், எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை போகலாம்.

ஓவியத்தைக் கட்டி அனுப்புவதிலும் கவனம் வேண்டும். லாரி ஷெட்டு வெயிலில் அக்ரிலிக் இளகும். குமிழ்த்தாளை நேரே சுற்றினால் ஓவியம் முழுக்க வட்ட வட்டமாக அச்சு விழும். முதலில் கிளாசின் தாள் (வழவழப்பான, ஒட்டாத மெல்லிய தாள்), அதன்மேல் குமிழ் வெளிப்பக்கம் பார்க்கக் குமிழ்த்தாள், பிறகு அட்டை.

இனி பணம். பெருநகர கேலரிகள் பாதிக்குப் பாதி வரை கமிஷன் எடுப்பதுண்டு. இங்கே 30 சதவீதத்துக்கு மேல் கேட்டால் ஓவியர் வீட்டிலிருந்தே விற்றுக்கொள்வார். தகராறு வருவது தள்ளுபடியில்தான். 20,000 ரூபாய் ஓவியம் 18,000க்குப் போகிறது. தள்ளுபடியை இருவரும் சுமந்தால் ஓவியருக்கு 12,600, கேலரிக்கு 5,400. கேலரி மட்டும் சுமந்தால் ஓவியருக்கு 14,000, கேலரிக்கு 4,000. எது என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். ஃபிரேம் செலவு, இருவழி வண்டிக் கூலி, எத்தனை நாளில் பணம் என்பதையும். கையால் வரைந்த ஓவியத்துக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பழைய விலைப்பட்டியலை அப்படியே அச்சடித்துவிடாதீர்கள். வேறு எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும் என்று ரசீதில் ஒரு வரி சேருங்கள். வாங்கியவர் அதைக் கடைக் காலண்டரில் போட ஆசைப்படும்போது அந்த வரி உதவும்.

தஞ்சாவூர்ப் படத்துக்குப் பழகிய கண்கள் "தங்க ரேக் இல்லையா?" என்று கேட்கும். விளக்கம் சொல்லலாம், ஆனால் விற்பது சின்னதுதான். 1966இல் சென்னைக்கு அருகே தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்திலேயே ஓவியர்கள் பாத்திக் (மெழுகு பூசிச் சாயமிடும் துணி) போன்ற கைவினைப் பொருட்கள் செய்து விற்றுத்தான் ஓவியத்தைக் காப்பாற்றினார்கள். 3,000 ரூபாய்க்குள் லினோகட் (லினோலியத்தில் செதுக்கி எடுக்கும்) அச்சுகள் குறைந்தது பத்து மேசையில் இருக்கட்டும், 1/20, 2/20 என்று, அதாவது இருபதில் எத்தனையாவது பிரதி என்று, பென்சிலில் எண்ணிட்டு.

"எடுத்துக்கிறேன் சார்" என்றதும், விற்றாயிற்று என்று காட்டும் சிவப்புப் பொட்டை ஒட்டிவிடக் கூடாது. பொட்டைப் பார்த்ததும் மற்றவர்கள் நகர்ந்துவிடுவார்கள், சொன்னவரும் வர மாட்டார். வாய்ச்சொல்லுக்குப் பாதிப் பொட்டு, 48 மணி நேரம். பாதிப் பணம் வந்தால் முழுப் பொட்டு.

கண்காட்சி முடிந்து ஓவியங்களை இறக்கும்போது, அவை வந்த அன்று எடுத்த புகைப்படங்களோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு ஓவியரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஆணித் துளைகளைப் புட்டிப் பசையால் அடைத்து, அதே டின்னில் மீதம் வைத்த பெயின்ட்டைத் தொட்டு வையுங்கள். புது டின் வாங்கினால் ஒரு வெள்ளைக்கு இன்னொரு வெள்ளை சேராது.