அப்பாவின் கணுக்கால்: வட்டக்கச்சி நாட்குறிப்பு

ஒக்டோபர் 3, 2024

இன்று அப்பாவின் காலில் இருந்து பிளாஸ்டரை வெட்டி எடுத்தார்கள். ஓகஸ்டில் சிறுபோக அறுவடை நேரம் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வரப்பில் சரிந்து, வலது கணுக்காலின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் முறிந்துபோனது. தகடும் ஆணியும் வைத்து ஒப்பரேஷன் செய்து ஆறு கிழமைக்கு மேலாகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகப் பொருந்தி வருகிறது என்று டொக்டர் சொன்னார். "அப்ப விதைப்புக்கு வயலுக்க இறங்கலாம்தானே?" என்று அப்பா கேட்டார். டொக்டர் பதில் சொல்லாமல் இயன்மருத்துவ (பிசியோதெரபி) பிரிவுக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்.

அந்தக் காலைப் பார்க்க எனக்கு நெஞ்சு பதறியது. கெண்டைச் சதை வற்றி, தோல் செதில் செதிலாக உரிந்து, பாதம் கீழ்நோக்கியே நின்றது. மேலே இழுக்கச் சொன்னால் விரல்கள் மட்டும் அசைந்தன. இயன்மருத்துவ மிஸ் அளவு நாடாவால் இரண்டு கெண்டையையும் அளந்து கொப்பியில் எழுதினார். அப்புறம் பாதத்தைக் கையில் பிடித்து மெல்ல மேலே தள்ளினார். "இவ்வளவு நாளும் அசையாம இருந்ததால மூட்டைச் சுத்தி உள்ள சவ்வு இறுகிப் போச்சு ஐயா. இனி ஒவ்வொரு நாளும் இதை இளக்கோணும். நான் கிழமைக்கு ஒருக்காத்தான் பாப்பன். மிச்சம் எல்லாம் வீட்டில நீங்கள் செய்யிறதுதான்."

ஒக்டோபர் 6

வீட்டில் வேலை தொடங்கியாயிற்று. காலை, மத்தியானம், பின்னேரம் என்று பாதத்தை மேலும் கீழும், உள்ளேயும் வெளியேயும் அசைக்க வேண்டும். பெருவிரலால் காற்றில் எழுத்தும் எழுத வேண்டும். என் சின்ன மகள் கட்டிலின் கால்மாட்டில் இருந்துகொண்டு, அம்மப்பா எழுதுவது என்ன எழுத்தென்று கண்டுபிடிக்கிறாள். 'ட' சுலபம். 'ண' எழுதும்போது அப்பாவின் நெற்றி வியர்த்துவிடுகிறது. மூன்று சுழியும் தெளிவாக வந்தால்தான் அவள் விடுகிறாள்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், ஆனாலும் ஒரு விடயத்தை இப்போதுதான் கண்ணால் காண்கிறேன். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்குச் சொந்தமாக இரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அசைந்து, அதன் மேல் பாரம் விழுந்து எழும்போதுதான் உள்ளே இருக்கும் திரவத்தில் இருந்து அது தன் சாப்பாட்டை எடுத்துக்கொள்கிறது. அசைக்காத மூட்டு பட்டினி கிடக்கிறது. பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் கடந்து போகிற விடயம்.

ஒக்டோபர் 11

பார்க்க வருகிற சனம் எல்லாம் சொல்வது ஒன்றுதான்: "அசைக்காதேங்கோ, ஆணி கழண்டிடும்." அன்பால் சொல்கிறார்கள், அதனால் கோபிக்க மனம் வரவில்லை. ஆனால் அவர்கள் போன பிறகு அப்பா காலைத் தூக்கத் தயங்குகிறார். அதுதான் எனக்குக் கவலை. நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியாரிடம் எண்ணெய் வாங்கி உரஞ்சி, புக்கை (மருந்துப் பத்து) கட்டினால் என்ன என்று மாமி கேட்டா. மிஸ்ஸிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வெட்டின தழும்பு முழுதாக ஆறும்வரை அதன் மேல் எண்ணெயோ புக்கையோ வேண்டாம், வீங்கிய மூட்டை இறுக்கிக் கட்டவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆறிய பிறகு தழும்பை விரலால் மெதுவாகத் தேய்த்து இளக்கலாமாம், கீழே இருக்கிற சதையோடு அது ஒட்டிப் போகாமல் இருக்க.

நோவுக்கும் ஒரு கணக்குச் சொல்லித் தந்தார். பூச்சியத்தில் இருந்து பத்து வரை வைத்துக்கொண்டால், பயிற்சி செய்யும்போது நான்கு வரை நோகலாம். அடுத்த நாள் காலையில் அது பழையபடி இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் முதல் நாள் செய்தது கூடிவிட்டது, கொஞ்சம் குறைக்க வேண்டும். சனம் பயமுறுத்தும் போதெல்லாம் அப்பா இப்போது இந்தக் கணக்கைத்தான் எடுத்துச் சொல்கிறார்.

ஒக்டோபர் 17

ஊன்றுகோலோடு காலில் 20 கிலோ பாரம் கொடுக்கலாம் என்று அனுமதி வந்திருக்கிறது. 20 கிலோ என்றால் எவ்வளவு என்று காலுக்கு எப்படித் தெரியும்? சித்தப்பாவின் கடையில் நெல் நிறுக்கும் தட்டுத் தராசு இருக்கிறது. அதைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தோம். பக்கத்தில் அதே உயரத்துக்குப் பலகை அடுக்கி, அதில் இடது காலை வைத்து, தராசில் வலது காலை அப்பா மெல்ல அமர்த்தினார். 8, 12, 15. இருபதில் நிறுத்தி, கண்ணை மூடி, அந்தப் பாரத்தை மனதில் பதித்துக்கொண்டார். அப்புறம் முள்ளைப் பார்க்காமலே அமர்த்திப் பார்த்தார். இருபத்தொன்று. வாழ்நாள் முழுக்க மூட்டை தூக்கினவர், பாரம் பிசகவில்லை.

1892இல் யூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மன் சத்திரசிகிச்சை நிபுணர், எலும்பு தன் மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்று எழுதினார். அளவாகப் பாரம் கொடுத்தால் பொருந்தின இடம் உறுதியாகும். அளவு மீறினால் கெடும். அந்த அளவுக்குத்தான் தராசு.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுக்கால் முதலில். இதைச் சின்னவளும் பாடமாக்கிவிட்டாள்.

ஒக்டோபர் 24

கிளினிக்கில் பக்கத்து வாங்கில் ஒரு அக்கா இருந்தா. அவவின் இடது முழங்கை மடிந்தபடியே நிற்கிறது. 2009இல் ஷெல் துண்டு பட்டு முறிந்ததாம். முகாமில் கட்டுப் போட்டார்கள், எலும்பும் பொருந்தியது, ஆனால் கையை நீட்டி மடக்கப் பழக்க ஒருவரும் இருக்கவில்லை. காயப்பட்ட முழங்கை வெகு சீக்கிரம் இறுகிவிடும் மூட்டு. இத்தனை வருடம் கழித்து அதை முழுதாக நீட்ட முடியாது. தலை பின்னுவதற்கும் கிணற்றுக் கயிறு இழுப்பதற்கும் வேண்டிய அளவுக்காவது தோளையும் மணிக்கட்டையும் பலப்படுத்தத்தான் இப்போது வருகிறா.

வன்னியில் இப்படி எத்தனையோ கைகள், கால்கள். அவரவர் பட்ட காயத்தைப் பற்றிப் பேசுகிறோம், அதற்குப் பிறகு வந்திருக்க வேண்டிய பராமரிப்பு வராமல் போனதைப் பேசுவதே இல்லை. அப்பா அவவோடு நெடுநேரம் கதைத்தார். வீட்டுக்கு வந்ததும், நான் ஞாபகப்படுத்தாமலே பின்னேரப் பயிற்சியைச் செய்தார்.

நவம்பர் 8

விதைப்பு முடிந்தது. தம்பிதான் இறங்கினான். சேறு இப்போதைக்கு வேண்டாம் என்று மிஸ் உறுதியாகச் சொல்லிவிட்டதால் அப்பா ரோட்டுக்கரையில் கதிரை போட்டு இருந்து பார்த்தார். முகம் சரியில்லை.

பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டிக் கட்டில் காலில் கட்டி, பாதத்தால் நாலு பக்கமும் இழுக்கிறார். ஊன்றுகோல் இரண்டு ஒன்றாகிவிட்டது. அந்த ஒன்றை நல்ல காலின் பக்கக் கையில்தான் பிடிக்க வேண்டும்.

நவம்பர் 27

அடைமழை. எங்கும் வெள்ளம். உயர்தரப் பரீட்சையையே நிறுத்திவிட்டார்கள். ஓட்டோ வராது, கிளினிக்கும் இல்லை.

இரவு கால் நன்றாக வீங்கியிருந்தது. ஒரு கெண்டை மட்டும் வீங்கி, சூடேறி, நோவும் இருந்தால் உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், மூச்சும் வாங்கினால் ஒரு நிமிடமும் நில்லாமல் 1990 அம்புலன்சுக்கு அடிக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ரோச் அடித்துப் பார்த்தேன். கெண்டை மெத்தென்றுதான் இருக்கிறது, சூடும் இல்லை, வீக்கம் கணுக்காலைச் சுற்றி மட்டும்தான். தலையணைகளை அடுக்கிக் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே வைத்துப் படுக்க விட்டேன். விடியவிடிய எழும்பிப் பார்த்தேன். காலையில் வடிந்திருந்தது.

டிசம்பர் 15

ஊன்றுகோலை விட்டாயிற்று. இப்போது ஒற்றைக் காலில் நிற்கப் பழகுகிறார், கதவு நிலையைத் தொட்டும் தொடாமலும். மூட்டின் நார்களிலும் தசைகளிலும் இருக்கிற நரம்பு முனைகள்தான் பாதம் எப்படிச் சரிந்திருக்கிறது என்று மூளைக்குச் சொல்கின்றன. முறிவோடு அந்தச் சேதி குழம்பிவிடுகிறது. எலும்பு பொருந்தின பிறகும் அதே கால் திரும்பத் திரும்பப் பிரள்வதற்கு இதுவும் ஒரு காரணம். "புது மாட்டை வரப்பில நடத்திப் பழக்கிற மாதிரிக் கிடக்கு, பிள்ளை" என்கிறார்.

எங்களுக்குத் தேவையானது என்ன என்று மிஸ் கேட்டதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வரப்பில் நடக்க வேண்டும், குந்தியிருக்க வேண்டும் என்றார் அப்பா. அதற்கு ஏற்ற மாதிரியே மிஸ் பயிற்சியை மாற்றிவிட்டார். முற்றத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் கோடு கீறி அதில் நடக்க வேண்டும். பிறகு மண்ணைக் குவித்து அதன் மேல்.

ஜனவரி 19, 2025

சுவரில் முழங்கால் தொடும் சோதனை: குதிக்காலைத் தூக்காமல் முழங்காலைச் சுவரில் முட்ட வேண்டும், பெருவிரல் சுவரில் இருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்க வேண்டும். இடது காலில் 11 சென்ரிமீற்றர், வலது காலில் 7. ஒக்டோபரில் விரலைச் சுவரோடு ஒட்டி வைத்தும் முழங்கால் போய் முட்டவில்லை. முழுதாகக் குந்த இன்னும் கொஞ்சம் மடிய வேண்டும். குதிக்காலுக்குக் கீழே மெல்லிய பலகை வைத்தால் குந்துகிறார். கழிப்பறையிலும் அப்படித்தான், கொமட் கதிரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

நேற்று தம்பியோடு வயல் வரப்பால் தண்ணீர் பார்க்கப் போய் வந்தார். பின்னேரம் வீக்கம் வந்தது. இது இன்னும் சில மாதம் வந்து போகுமாம். ஒற்றைக் காலில் குதிக்கால் தூக்கும் பயிற்சியை அறுவடை முடியும்வரை விடக்கூடாது என்று கட்டளை. லாண்ட்மாஸ்டரில் ஏறுவது பற்றி மார்ச் கிளினிக்கில்தான் முடிவு சொல்வார்கள்.