கொழும்பில் கராஜ் தரைக்கு எபொக்சி பூசும் முன் ஈரத்தைப் பாருங்கள்

வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வீட்டுக் கராஜின் சீமெந்துத் தரைக்கு இரண்டாம் முறையாக எபொக்சி (இரண்டு பகுதிகளைக் கலந்து பூசினால் கடினமாக இறுகும் பிசின் பூச்சு) பூசி முடித்திருக்கிறோம். முதல் முறை பூசியது ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாங்கவில்லை. காரின் சில்லுகள் நிற்கும் இடங்களில் சாம்பல் நிறப் பூச்சு டயரோடு ஒட்டிக்கொண்டு தோசைபோலக் கழன்று வந்தது. கழன்ற ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தேன். அதன் அடிப்பக்கம் முழுவதும் வெளிறிய சீமெந்துத் தூள் சீராகப் படிந்திருந்தது. பூச்சு கொங்கிறீற்றைப் பிடிக்கவே இல்லை என்பதும், மேலே இருந்த வலுவற்ற படையை மட்டுமே பிடித்திருந்தது என்பதும் அப்போதுதான் தெளிவாயிற்று.

அந்த வேலையைச் செய்தவர் சதுர அடிக்கு ஒரு விலை சொன்னார். தரையை அரைப்பது பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அமிலம் ஊற்றிக் கழுவினார், மறுநாளே ரோலரை எடுத்தார். கழன்ற பிறகு அழைத்தபோது, "கார் டயர்ச் சூட்டுக்கு எந்தப் பூச்சும் நிற்காது சேர், அது உத்தரவாதத்துக்குள் வராது" என்று முடித்துவிட்டார். இதைத்தான் இன்றும் பொறுக்க முடியவில்லை, ஏனெனில் அது உண்மை அல்ல. ஓடி வந்த டயரின் சூடு மெல்லிய பூச்சை இளக்குவதும், டயர் ஆறிச் சுருங்கும்போது பூச்சை இழுப்பதும் உண்மையே. ஆனால் ஒழுங்காக அரைத்த தரையில் போதிய தடிப்போடு ஒட்டிய எபொக்சி அந்த இழுவையைத் தாங்கும்.

எங்கள் ஊர்க் கராஜ்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தளம் போட்டு முடிந்ததும் மேசன்மார் மேலே தனிச் சீமெந்தைக் கரைத்து ஊற்றி, உருக்குக் கரண்டியால் கண்ணாடிபோல் தேய்த்து விடுவார்கள். பார்க்க அழகான அந்த வழவழப்பு எபொக்சிக்குப் பகை. அமிலம் அதை ஓரிடத்தில் அதிகமாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் அரிக்கும்; சரியாகக் கழுவி நடுநிலைப்படுத்தாவிட்டால் உப்பும் மிஞ்சும்; தரைக்குள் தேவையில்லாமல் தண்ணீரும் போகும். வைரப் பல் பதித்த கிண்ணச் சக்கரம் பூட்டிய கிரைண்டரால், மணல் மணலாகத் தெரியும்வரை அரைப்பதே நம்பத்தக்க வழி. அரைத்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது முத்தாக நிற்காமல் உடனே உறிஞ்சப்பட வேண்டும். தூசியை உறிஞ்சும் இயந்திரம் இல்லாமல் அரைக்க விடாதீர்கள். அந்தச் சிலிக்காத் தூள் நுரையீரலுக்குக் கேடு.

அடுத்தது ஈரம். ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் சதுரமான தடித்த பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் நாடாவால் காற்றுப் புகாமல் தரையில் ஒட்டி, குறைந்தது 16 மணித்தியாலம் விட்டுப் பார்க்க வேண்டும். அடியில் நீர்த்துளி கோத்தாலோ கொங்கிறீற்று கறுத்தாலோ நிலத்திலிருந்து ஈரம் மேலே வருகிறது என்று பொருள். எங்கள் கராஜில் வாசற்பக்கம் உலர்ந்தே இருந்தது, பின்சுவரோரம் கறுத்துவிட்டது. கடலோரப் பழைய வீடுகளில் ஈரத்தைத் தடுக்கத் தளத்துக்குக் கீழே பொலித்தீன் விரித்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. காசில்லாத இந்தச் சோதனையை முதலாமவர் செய்யவே இல்லை.

ஆகவே, ஈரமான கொங்கிறீற்றுக்கென்றே தயாரிக்கப்பட்ட எபொக்சிப் பிரைமர், அதாவது முதலில் பூசும் அடிப்பூச்சு, தேவைப்பட்டது. ஒரு வர்ணக் கடையில் அதன் தொழில்நுட்பத் தரவுத்தாளைக் கேட்டேன். விற்பனையாளர் நிற அட்டையை நீட்டினார். மீண்டும் கேட்டபோது அது தலைமை அலுவலகத்தில் இருக்கும் என்றார். அங்கே போனால் கடையில் வாங்குங்கள் என்றார்கள். வெயிலில் அலைந்ததுதான் மிச்சம். பிறகு பழைய சோனகத் தெருவில் ஒரு சிறிய கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்துத் தந்ததோடு, தகரங்களின் திகதிகளையும் பார்க்கச் சொன்னார். பார்த்தபோது ஹார்ட்னர் (எபொக்சியை இறுக வைக்கும் இரண்டாம் பகுதி) தகரம் ஒன்று காலாவதியாகியிருந்தது. அவரே வருத்தம் தெரிவித்து உடனே மாற்றித் தந்தார். எபொக்சியில் இரண்டு பகுதிகளும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். ஒன்று கெட்டிருந்தாலும் பூச்சு பிசுபிசுப்பாகவே நிற்கும்.

தண்ணீர் கலந்த மலிவான எபொக்சி மிக மெல்லிய படையாகவே காயும் என்பதால் அதை ஒதுக்கினோம். பொலிஅஸ்பார்ட்டிக் என்ற இன்னொரு வகைத் தரைப்பூச்சு மிக வேகமாக இறுகும். கொழும்பின் புழுக்கத்தில் இன்னும் வேகமாக இறுகும் என்பதால், பழகிய குழு இல்லாமல் அதைத் தொடக்கூடாது. பிரைமருக்கு மேல் கரைப்பான் கலக்காத எபொக்சி, அதற்கு மேல் வெயிலைத் தாங்கும் பொலியூரிதேன் மேற்பூச்சு என்று தீர்மானித்தோம். படலைக் கம்பிகளுக்கூடாக மாலை வெயில் விழும் இடத்தில் வெறும் எபொக்சி மஞ்சளாகும் என்பதே பொலியூரிதேனுக்குக் காரணம். பழைய பூச்சை அரைத்து எடுத்ததிலும் எண்ணெய்க் கறையைக் கழுவியதிலும் சிரமம் இருக்கவில்லை.

பூசும் நாளைத் தெரிவுசெய்வதில்தான் அதிக கவனம் வேண்டும். தரையின் வெப்பநிலை பனிபடுநிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 பாகை கூடுதலாக இருக்க வேண்டும். காற்று 30 பாகையும் ஈரப்பதன் 80 சதவீதமும் என்றால் பனிபடுநிலை ஏறத்தாழ 26 பாகை. தரை 29 பாகைக்குக் குறைந்தால் வேலையைத் தொடங்கக்கூடாது. மே தொடங்கி செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழையில் இந்த இடைவெளி கிடைப்பது அரிது. நாங்கள் பெப்ரவரி வரை காத்திருந்து, முற்பகலில் தரை சூடேறியபின் தொடங்கினோம். கலந்த எபொக்சியை வாளியிலேயே வைத்திருந்தால் அது தன் சூட்டிலேயே கொதித்து இறுகிவிடும். கலந்தவுடன் தரையில் நீளமாக ஊற்றிவிட வேண்டும். வாளியின் ஓரத்தில் ஒட்டியதைச் சுரண்டித் தரையில் போட விடாதீர்கள், அது சரியாகக் கலந்திராது.

இவ்வளவு பார்த்தும் மறுநாட் காலை பின்சுவரோரம் விரலில் மெழுகுபோல் ஒட்டும் ஒரு படலம் தெரிந்தது. இரவின் ஈரத்தில் ஹார்ட்னர் காற்றோடு வினைபுரிந்து உண்டாகும் படலம் அது. வேலையாள் அதற்கு மேலேயே அடுத்த பூச்சை ஓட்டப் பார்த்தார். நிறுத்தினேன். இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவி, உலரவிட்டு, மெல்ல உரஞ்சிய பிறகே மேற்பூச்சுப் போனது. அந்தப் படலத்துக்கு மேல் பூசியிருந்தால் பொலியூரிதேன் அப்படியே தனிப்படையாக உரிந்திருக்கும்.

காரை ஒரு கிழமை வீதியோரம் நிறுத்தினோம். மறுநாள் நடக்கலாம் என்பதற்காகக் காரை ஏற்றிவிடக்கூடாது. விலை கேட்கும்போது அரைத்தல், பொலித்தீன் சோதனை, பிரைமரின் பெயர், காய்ந்த பூச்சின் தடிப்பு எத்தனை மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். இம்முறை வந்தவர் அவற்றை எழுதித் தந்ததோடு, கூலியில் ஒரு பங்கைத் தென்மேற்குப் பருவமழை முடிந்து தரையைப் பார்த்த பிறகு தரலாம் என்றும் ஒப்புக்கொண்டார்.