தம்பிக்கு வேலை தேடிய இரண்டு ஆண்டுகள்

2022 மார்ச்சில் பள்ளிக்கூடம் திறந்த அன்று, தம்பி எப்போதும்போல ஆறரை மணிக்கே சீருடையும் காலணியும் போட்டுக்கொண்டு கேட்டருகே போய் நின்றான். வேன் வந்தது. பக்கத்து வீட்டுப் பையனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. தம்பி ஏழரை வரை அங்கேயே நின்றான். மறுநாளும் நின்றான். இப்படியே மூன்று வாரம். "உனக்குப் பள்ளிக்கூடம் முடிஞ்சிருச்சுடா" என்று நான் எத்தனை முறை சொன்னாலும், "வேன் வருது அக்கா" என்பதுதான் பதில். அவன் சொன்னதும் உண்மைதான். வேன் தினமும் வந்துகொண்டுதான் இருந்தது.

நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். சுற்றிலும் தோட்டங்கள், தாத்தா காலத்தில் பால்மரம் (ரப்பர்), இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. அம்மா இன்னமும் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கப் போகிறார். அப்பா இல்லை. தம்பிக்கு நான்கு வயதில் ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்னார். இடைநிலைப் பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பில் படித்தான். அந்த வகுப்பு 19 வயதோடு முடிந்துவிடும் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கு அடுத்த நாளிலிருந்து என்ன செய்வது என்றுதான் நாங்கள் யோசித்திருக்கவில்லை.

இரண்டு வருடம் அலைந்த பிறகு தம்பி இப்போது வேலைக்குப் போகிறான். இதே இடத்தில் திகைத்து நிற்கும் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலை தேடும் தளத்தில் அவன் பெயரைப் பதிந்தேன். அரசாங்க வேலைகளில் ஓகேயூவுக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு, ஒரு விழுக்காடு ஒதுக்கீடு உண்டு என்று மாமா சொன்னார். கொள்கை இருக்கிறது. ஆனால் நேர்முகத் தேர்வில் கண்ணைப் பார்த்துப் பேச முடியாத பிள்ளைக்கு அந்த ஒரு விழுக்காட்டின் வாசல் எங்கே இருக்கிறதென்று யாராலும் காட்ட முடியவில்லை. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தையும் தேடிப் படித்தேன். வேலையில் மற்றவர்களுக்குச் சமமான உரிமை என்கிறது. மீறினால் தண்டனை என்று எதுவும் அதில் இல்லை. பெட்டாலிங் ஜெயாவில் கமுடா அறவாரியம் ஆட்டிசம் உள்ள இளைஞர்களுக்காக நடத்தும் எனேப்ளிங் அகாடமி பற்றியும் கேள்விப்பட்டேன். மூன்று மாதப் பயிற்சி, நல்ல முயற்சி. ஆனால் வீட்டில் தலையணை மாறினாலே தூங்காத தம்பியை, ஆங்கிலம் ஒட்டாதவனை, அத்தனை தூரம் எப்படி அனுப்புவது?

அப்புறம் தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு சாப்பாட்டுக் கடையில் சேர்த்துவிட்டோம். நான்கு நாள்தான். கடைக்காரர், "மேசையைக் கொஞ்சம் துடைப்பா" என்றிருக்கிறார். தம்பி மேசையின் ஒரு மூலையை மட்டும் அழகாகத் துடைத்துவிட்டு நின்றிருக்கிறான். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தானே. மதிய நேரக் கூச்சல், கரண்டிச் சத்தம், மிக்சி எல்லாம் சேர்ந்தபோது காதைப் பொத்திக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்துவிட்டான். நான்காம் நாள் மாலை, "நாளைக்கு அனுப்பாதம்மா" என்று போன் வந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "பத்து மேசையையும் முழுசாகத் துடைக்க வேண்டும், ஈரம் காயும்வரை" என்று சொன்னால் தம்பி நாள் முழுக்கச் செய்வான் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானே சொல்லவில்லை. அவனை நல்ல பிள்ளை, சாதாரணப் பிள்ளை என்று காட்டவே அப்போது நான் பாடுபட்டேன். அது என் தவறு.

அந்த வாரம்தான் ஓர் அலுவலகத்தின் கவுண்டரில் ஒரு விண்ணப்பப் பாரத்தை எடுத்துக் கொடுத்தார்கள். வேலை செய்ய இயலாத ஓகேயூவுக்கான உதவித்தொகை, மாதம் 300 வெள்ளி (ரிங்கிட்). "எதுக்கும்மா அலையுறீங்க, இதைப் போட்டுட்டு வீட்ல வெச்சுப் பார்த்துக்குங்க" என்றார் அங்கே இருந்தவர். அக்கறையோடுதான் சொன்னார்.

அன்றிரவு வீட்டில் பெரிய சண்டை. அம்மா போடலாம் என்றார். மழைக்காலத்தில் அம்மாவின் சம்பளம் எந்த மட்டத்துக்கு இறங்கும் என்று எனக்குத் தெரியும். 300 வெள்ளி எங்களுக்குச் சின்னக் காசு இல்லை. ஆனால் அந்தப் பாரத்தில் "இயலாதவர்" என்ற இடத்தில் கையெழுத்துப் போட எனக்குக் கை வரவில்லை. 19 வயதுப் பிள்ளைக்கு, ஒரே ஒரு கடையில் நான்கு நாள் நின்றதை வைத்தா அப்படி எழுதுவது? "நீ படிச்சவ, பேசுவ. அரிசி வாங்குறது நான்" என்றார் அம்மா. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆறு மாதம் மட்டும் பொறுங்கள் என்று கேட்டுப் பாரத்தை அலமாரிக்குள் வைத்தேன். உண்மையிலேயே வேலை செய்ய முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு அந்தத் தொகை அவசியம், தயங்காமல் விண்ணப்பியுங்கள். ஆனால் முயன்று பார்ப்பதற்கு முன்பே யாரும் உங்கள் பிள்ளையின் கதவைச் சாத்த விடாதீர்கள்.

இடைப்பட்ட காலத்தில் தம்பி வட்டாரத்துப் பிடிகேவுக்குப் போனான். சமூகநல இலாகாவின் கீழ் இயங்கும் சமூக மறுவாழ்வு மையம். போகிறவர்களுக்கு அப்போது மாதம் 150 வெள்ளி அலவன்ஸ் இருந்தது. காலையில் கிளம்ப ஓர் இடம் கிடைத்ததே அவனுக்குப் பெரிய நிம்மதி. அங்கிருந்த ஆசிரியைதான் ஒரு நாள் கேட்டார்: "ஜாப் கோச் கேட்டுப் பார்த்தீங்களா?"

அப்படி ஒன்று இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. ஜப்பான் அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான ஜைக்காவின் துணையோடு சமூகநல இலாகா இங்கே கொண்டுவந்த முறை அது. ஜாப் கோச் என்பவர் வேலை வாங்கிக் கொடுக்கும் ஏஜென்ட் இல்லை. வேலை இடத்துக்கே வந்து, பிள்ளைக்கு வேலையையும், உடன் வேலை செய்பவர்களுக்குப் பிள்ளையையும் பழக்கிவிட்டு, மெல்ல மெல்ல விலகிக்கொள்பவர். இரண்டு மாதத்தில் ஒரு மலாய்ப் பெண்மணி வந்தார். மலாயில் மரியாதையாகச் சொல்வதுபோல, புவான் என்றுதான் அழைப்போம். வீட்டில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார். இவனால் என்ன முடியாது என்று ஒரு கேள்விகூட இல்லை. எந்தச் சத்தம் பிடிக்காது, எவ்வளவு நேரம் நிற்பான், எதைச் சொல்லாமலே செய்கிறான், இவைதான். அம்மா யோசித்துச் சொன்னார்: "பூச்சட்டியில மண்ணு போடச் சொன்னா, முடிக்கிற வரைக்கும் எந்திரிக்கவே மாட்டான்."

அந்த ஒரு வரிதான் எங்களைச் செம்பனை நாற்றங்காலுக்குக் கொண்டுபோனது. ஊருக்கு வெளியே ஒரு தமிழர் நடத்துவது. ஓகேயூ ஊழியருக்குக் கொடுக்கும் சம்பளத்தை முதலாளி வருமான வரிக் கணக்கில் இரட்டிப்பாகக் கழித்துக்கொள்ளலாம் என்று நான் தாள் அச்சடித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் அதை ஓரமாக வைத்துவிட்டு, "கூட யாராச்சும் நிப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார். புவான் நிற்பார் என்றதும் சரி என்றுவிட்டார்.

முதல் நாள் தம்பி போகவில்லை. புவான் தனியாகப் போய், பூட்ஸ் போட்டுக்கொண்டு, அரை நாள் தானே பைகளுக்கு மண் நிரப்பினார். நாற்றங்காலில் விதை முளைத்ததும் சின்னப் பையில் வைத்து மூன்று மாதம் போல வளர்ப்பார்கள். பிறகு பெரிய பைக்கு மாற்றுவார்கள். பை நிரப்புவது யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத வேலை என்று அங்கே எல்லோரும் நினைத்திருந்தார்கள். புவான் அதை ஏழு படியாகப் பிரித்தார். பையின் வாயை ஒரு விரல் அகலம் வெளிப்பக்கம் மடி. பாதி வரை மண் போடு. தூக்கித் தரையில் இரண்டு முறை தட்டு. மறுபடி மண் போடு. மறுபடி இரண்டு முறை தட்டு. அளவு பார். வரிசையில் வை. ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் பிடித்து, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரே அட்டையாக்கி மண்மேட்டுக்கு முன்னால் கட்டித் தொங்கவிட்டார்.

சிக்கல் வந்தது ஆறாவது படியில். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எல்லோரிடமும் "போதும்னு தோணுறப்ப நிறுத்து" என்பார். தம்பிக்கு அது தோன்றாது. முதல் பத்துப் பைகளில் மண் விளிம்பு தாண்டிக் கொட்டியது. தண்ணீர் ஊற்றினால் நிற்காது. புவான் ஒரு மூங்கில் குச்சியை வெட்டி, அடியிலிருந்து ஓர் அங்குலத்துக்கு மஞ்சள் டேப் சுற்றினார். குச்சியை மண்ணின்மேல் நிறுத்தினால் டேப்பின் மேல் விளிம்பும் பையின் வாயும் சமமாக இருக்க வேண்டும். டேப் வெளியே தெரிந்தால் ஒரு பிடி எடு, உள்ளே போனால் ஒரு பிடி போடு. பதினோராவது பை சரியாக வந்தது. அதற்குப் பிறகு வந்த பைகளை மண்டோர் குனிந்து பார்த்துவிட்டு, மற்றவர்களுக்கும் அப்படி ஒரு குச்சி வெட்டிக் கொடுத்தார். அதைக் கேட்டு நான் மோட்டார் சைக்கிளிலேயே அழுதேன்.

இன்னொரு பிரச்சினை தண்ணீர்ப் பம்பு. அது திடீரென்று உறுமினால் தம்பி எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவிடுவான். பம்பை நிறுத்த முடியாது. அங்கே வேலை செய்யும் இந்தோனேசிய அக்கா ஒருவரிடம் புவான் பேசி வைத்தார். அவர் பம்பைப் போடுவதற்கு முன் தம்பி கண்ணில் படும்படி வந்து ஐந்து விரலைக் காட்டுவார். ஐந்து நிமிடம். தம்பி காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்வான். இதற்கு யாருக்கும் ஒரு காசு செலவில்லை.

முதல் இரண்டு வாரம் புவான் தினமும் வந்தார். பிறகு வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள், போன் மட்டும். அவர் வராத முதல் காலை நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்த அழைப்பும் வரவில்லை. பன்னிரண்டரைக்குத் தம்பி வந்து, "தொண்ணூத்தி நாலு பை அக்கா" என்றான்.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். அப்போதைய குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 7 வெள்ளி 21 காசு. மாதம் ஏறக்குறைய 620 வெள்ளி வந்தது. குறைந்த சம்பளம் வாங்கும் ஓகேயூ ஊழியர்களுக்குச் சமூகநல இலாகா தனியாக அலவன்ஸ் தருகிறது. நாங்கள் விண்ணப்பித்தபோது 450 வெள்ளி. அதற்கு முதலாளியின் உறுதிப்படுத்தல் வேண்டும், எனவே வேலையில் சேரும்போதே அவரிடம் சொல்லி வையுங்கள். ஓகேயூ அட்டை இல்லாமல் இவற்றில் எதுவும் நடக்காது. அட்டைக்குக் கட்டணம் இல்லை. ஆட்டிசம் அதில் "கற்றல் பிரச்சினை" என்ற பிரிவில் வரும். ஊரார் என்ன சொல்வார்களோ என்று சில குடும்பங்கள் இன்னமும் அட்டை எடுக்காமல் இருப்பதைப் பார்க்கிறேன், மனம் பதறுகிறது. அடுத்து, பள்ளியில் கடைசி வருடம் தொடங்கும்போதே ஜாப் கோச் பற்றிக் கேளுங்கள். நாங்கள் கேட்காமல் விட்டதில் ஒரு வருடத்துக்கு மேல் போனது.

அந்த 300 வெள்ளிப் பாரத்தை அம்மாவே ஒரு நாள் அலமாரியிலிருந்து எடுத்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் தம்பி தினமும் எத்தனை பை நிரப்பினான் என்று எழுதிவைக்கத் தொடங்கினார்.

அடுத்த வாரம் நாற்றுகளைப் பெரிய பைக்கு மாற்றுகிறார்கள். அதற்கு மண் அளவும் வேறு, தூக்கி வைக்கும் விதமும் வேறு. ஏழு படி போதாது. புவானுக்குச் செய்தி அனுப்பினேன். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். தம்பி நாட்காட்டியில் புதனைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டான்.