கோத்தகிரி: முதியோர் குடியிருப்பு மனு, நாட்குறிப்பு

ஏப்ரல் 9
கட்டட அனுமதி கேட்கும் மனுவின் வரைபடக் கட்டு வந்துவிட்டது. 40 வீடுகள், எல்லாம் அறுபது தாண்டியவர்களுக்கு. இடம் பழைய தேயிலைச் சரிவு. நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் கோடுகளாகக் காட்டும் காண்டூர் தாளைத்தான் முதலில் விரித்தேன். 24 மீட்டர் கிடைதூரத்துக்குள் 12 மீட்டர் ஏற்றம், அதாவது கிட்டத்தட்ட 27 டிகிரி. மனுவில் ‘மிதமான சரிவு’ என்று இருக்கிறது.

ஏப்ரல் 10
பின்பக்கத் தடுப்புச் சுவருக்கு வெட்டுப்படமே, அதாவது குறுக்கே வெட்டிப் பார்த்தால் தெரிவதைக் காட்டும் படமே, வைக்கவில்லை.

ஏப்ரல் 13
நீலகிரியில் 7 மீட்டருக்கு மேல் கட்ட முடியாது. நல்ல விதி. ஆனால் மேலே போக முடியாதபோது கட்டடம் பக்கவாட்டில் பரவும், பரவினால் சரிவை வெட்டித் தட்டு தட்டாக ஆக்க வேண்டும். தட்டுக்குத் தட்டு இங்கே 1.8 மீட்டர் வித்தியாசம். சக்கர நாற்காலிச் சாய்தளம் 12-க்கு 1, அதாவது 12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம், என்றால் 21.6 மீட்டர் ஓட்டம். 9 மீட்டருக்கு ஒரு சமதளம் வேண்டும், ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர் என்று இரண்டு. ஆக 24.6 மீட்டர். வரைந்திருப்பதோ 9 மீட்டர், 5-க்கு 1. பாசி படிந்த தூறல் நாளில் அதில் நாற்காலியை இறக்கினால் பின்னால் பிடித்திருப்பவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

வனத்துறை மரத்தைப் பார்க்கும். புவியியல் சுரங்கத் துறை மண்ணைப் பார்க்கும். வேளாண் பொறியியல் துறை மண்ணரிப்பைப் பார்க்கும். எண்பது வயதுக்காரர் சாப்பாட்டுக்கூடத்துக்கு எப்படி நடந்து போவார் என்பதை யார் பார்ப்பார்கள்?

ஏப்ரல் 16
நல்ல வெயில். இந்த மாதத்தில் யார் வந்து பார்த்தாலும் நிலம் கெட்டியாகத்தான் தெரியும்.

ஏப்ரல் 18
மறுபடி அந்தச் சுவர். சரிவை வெட்டும் உயரம் மூன்றரை மீட்டர். பின்னால் தண்ணீர் முழு உயரத்துக்கும் தேங்கினால், ஒரு மீட்டர் நீளச் சுவரைத் தண்ணீர் மட்டுமே ஆறு டன்னுக்கு மேல் தள்ளும். மண்ணின் தள்ளல் தனி. நீர்த்துளைகள் வைப்பார்கள்தான். ஆனால் துளைக்குப் பின்னால் ஒரு அடி அகலத்துக்கு ஜல்லியும் மண்ணைத் தடுக்கும் வடிதுணியும் இல்லாவிட்டால், களிமண் சேறு ஒன்றிரண்டு மழைக்காலத்திலேயே துளையை அடைத்துவிடும். வெளியே பார்த்தால் சுவர் காய்ந்து அழகாக இருக்கும், அதுதான் ஆபத்து. சுவருக்கு மேலே, சரிவின் உச்சியில், சிமென்ட் பூசிய வாய்க்கால் ஒன்று வேண்டும். அது வயலில் முடியாமல் ஓடை வரை போக வேண்டும்.

கோத்தகிரிப் பக்கம் கனமழை வருவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில். 2009 நவம்பரில் கேத்தி, அச்சனக்கல் பக்கமெல்லாம் சரிந்தபோது மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். ஏப்ரலில் இல்லாத ஊற்று நவம்பரில் இருக்கும்.

ஏப்ரல் 21
குடியிருப்பவர் 60, வேலையாட்கள் 15. ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளுக்கு 10,125. அதில் எண்பது சதவீதம் கழிவுநீர், 8,100 லிட்டர். அதை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழிகள் எங்கே என்று தேடினேன். அந்தச் சுவருக்கு நேர் மேலே. மழையே பெய்யாவிட்டாலும் நாள்தோறும் எட்டாயிரம் லிட்டரை நாமே சரிவுக்குள் இறக்குகிறோம்.

இரவு தூக்கம் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 24
பாதை முடியும் இடத்தில் 108 வண்டி திரும்ப இடமில்லை. மெயின் ரோடு வரை பின்னோக்கியே வர வேண்டும், மூடுபனியிலும்.

ஏப்ரல் 27
‘வயசானவங்களுக்கு வீடு கட்டுறதை ஏன் தடுக்கிறீங்க?’ என்று ஒருவர் கேட்டுவிட்டார். தடுக்கவில்லை. ஹட்டியில், அதாவது இங்குள்ள படகர் ஊரில், பாதி வீட்டில் பிள்ளைகள் கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள், பெரியவர்கள் தனியாக. இப்படி ஓர் இடம் கண்டிப்பாக வேண்டும். அதே புல எண்ணில் கீழ்ப்பாதி 12 டிகிரிதான். அங்கே 24 வீடு, எல்லாம் தரைத்தளம். லிஃப்டே வேண்டாம். இப்போது வரைந்திருக்கும் ஆறு பேர் லிஃப்டில் ஸ்ட்ரெச்சரை நீட்டவே முடியாது.

மே 1
கிராம சபை. தீர்மானத்தில் மூன்று கோரிக்கை ஏறியது: சுவர் வெட்டுப்படம், வண்டி திரும்பும் இடம், உறிஞ்சுகுழி மாற்றம். இதனால் அனுமதி நிற்காது. ஆனால் நகல் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்துக்கு (ஹாகா) போனால் கோப்பில் பக்க எண்ணோடு இருக்கும். பெரியவர் ஒருவர் எழுந்து, மேல்காட்டில் ஐப்பசியில் தண்ணி கசியும் இடத்தை அடையாளம் சொன்னார். அதையும் எழுத வைத்தோம்.

மே 6
திருத்திய வரைபடம். சாய்தளம் 24.6, சமதளங்களோடு. மனசு நிறைந்தது. உறிஞ்சுகுழிக்குப் பதில் சுத்திகரிப்பு நிலையம், தண்ணீர் தோட்டத்துக்கு என்கிறார்கள். ஐப்பசி அடைமழையில் தோட்டத்துக்கு எதற்குத் தண்ணீர்? அந்த எட்டாயிரம் லிட்டர் எங்கே போகும்?

மே 8
வியாழன் இடப்பார்வை. பெரியவர் சொன்ன இடத்தில் 3 மீட்டராவது சோதனைக்குழி எடுக்கச் சொல்ல வேண்டும். பொக்லைன் வேண்டாம், ஆள் வைத்தே.