வாசல் பெருக்குற வாரம்

எனக்கு ஸ்டுட்கார்ட்ல வேலை கிடைச்சு, ஜூன் மாசம் நான், வீட்டுக்காரி, ஆறு வயசு மக, கூட மூணு மாச விசாவுல அம்மா, நாலு பேருமா கல்லிடைக்குறிச்சியில இருந்து கிளம்பினோம். திருவனந்தபுரத்துல ஃப்ளைட், அதனால வேன் பிடிச்சு களக்காடு, பணகுடி, ஆரல்வாய்மொழின்னு போனோம், காத்தாலைங்க சுத்துறதப் பாத்துக்கிட்டே மக தூங்கிட்டா. அங்க இருந்து தோஹா, தோஹால ராத்திரி முழுக்க உக்காந்திருந்து, அப்புறம் ஜெர்மனி. அம்மாவுக்கு இதுக்கு முன்னாடி ரொம்ப தூரம்னா காசிதான்.

இறங்கின உடனே நெய் போச்சு. அம்மா வீட்டுலயே வெண்ணெய் உருக்கி ரெண்டு பாட்டில் எடுத்து வச்சிருந்தா, வெளிநாட்டுல இருந்து பால், இறைச்சி சாமான் எதையும் ஐரோப்பிய யூனியனுக்குள்ள கொண்டு வரக்கூடாதுன்னு சட்டம், எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், தெரியல. அப்பளமும் பச்சரிசி மாவும் தப்பிச்சுது. அம்மா ஒண்ணும் சொல்லல, ஆனா ட்ரெயின்ல வாரப்ப பேசவே இல்ல. அந்த ட்ரெயின்லயும் யாரும் பேசல. பெட்டி நிறைய ஆளு, ஒரு சத்தம் கிடையாது. "ஏலே, யாருக்கும் ஏதும் துஷ்டியா, யாரும் செத்துட்டாவளா?"ன்னு அம்மா காதுகிட்ட வந்து கேட்டா.

முத ஒரு வாரம் அம்மாவுக்கு நேரமே பிடிபடல. கோடைக்காலத்துல இந்தியாவுக்கும் இங்கயும் மூணரை மணி நேர வித்தியாசம், ஊர்ல அஞ்சு மணிக்கு முழிச்சுப் பழகின உடம்பு இங்க ராத்திரி ஒன்றரைக்கு எந்திரிச்சு உக்காந்துக்கிடும். சாயங்காலம் அதவிட கஷ்டம். ஊர்ல ஆறரைக்கு விளக்கு வைப்பா, இங்க ஜூன்ல ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கு, பொழுது அடையாம எப்படி விளக்கு வைக்கன்னு ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டே இருப்பா, மக "ஆச்சி, தூக்கம் வருது"ம்பா.

முத ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சு மணிக்கு அம்மா தேங்கா சட்னிக்கு மிக்ஸிய ஓட்டிட்டா. கீழ்வீட்டுல இருந்து ஒரு வயசான அம்மா மேல வந்து பெல் அடிச்சாவ. கோவமெல்லாம் இல்ல, கடிகாரத்தக் காட்டி, உதட்டுல விரல வச்சுட்டுப் போயிட்டாவ. இங்க ராத்திரி பத்துல இருந்து காலையில ஆறு வரைக்கும், அப்புறம் ஞாயித்துக்கிழமை முழுக்க சத்தம் போடக்கூடாது, கடைகூட பூட்டித்தான் கிடக்கும். அம்மாவுக்கு அது தாங்கல. "நம்ம தெருவுல காலையில மிக்ஸி சத்தம் கேக்கலன்னாதான் என்ன, மேலுக்குச் சரியில்லையான்னு வந்து கேப்பாவ"ன்னா. எனக்கு பதில் சொல்லத் தெரியல, ஏன்னா அவ சொன்னது நிசம்.

அடுத்த வாரம் எங்க கதவுல ஒரு சின்ன பலகை தொங்குச்சு. நான் பயந்தே போயிட்டேன், நம்மளப் பத்தி ஏதோ புகார்னு நெனச்சு போனுல மொழிபெயர்த்துப் பாத்தா, 'பெருக்குற வாரம்'னு வருது. இங்க அதுக்கு கேர்வோஹேன்னு பேரு. அந்தப் பக்கத்துல ரொம்ப பழைய வழக்கம், 1492லயே ஊரைச் சுத்தமா வைக்க ஸ்டுட்கார்ட்ல சட்டம் போட்டதுல இருந்து வந்ததுன்னு சொல்லுதாவ. கட்டடத்துல இருக்கிற ஒவ்வொரு வீடும் முறை வச்சு படிக்கட்டும் வாசலும் பெருக்கணும், முறை முடிஞ்சா பலகைய அடுத்த வீட்டுக் கதவுல மாட்டணும்.

விஷயத்தச் சொன்னதும் அம்மா முகத்தப் பாக்கணுமே! வந்ததுல இருந்து முத தடவையா அவளுக்குத் தெரிஞ்ச ஒரு வேலை. மறுநா காலையில ஆறு அடிக்கக் காத்திருந்து, மூணு மாடிப் படியையும் தூத்து, கீழ வாசல்ல தண்ணி தெளிச்சு, பச்சரிசி மாவுல ஏழு புள்ளி வச்சு சிக்குக் கோலம் போட்டுட்டா. யாரும் என்ன சொல்லுவாவளோன்னு வீட்டுக்காரி தவிச்சா. ஆபீஸ் போறவங்க ஒவ்வொருத்தரும் கோலத்த மிதிக்காம சுத்திப் போனாவ, எதுவும் கேக்கல.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பலகைய கீழ்வீட்டுக்கு மாத்தணும். நான் சத்தமில்லாம மாட்டிட்டு வாரேன்னேன், அம்மா கேக்கல. "ஒரு வீட்டுக்குப் போயிட்டு வாசலோட திரும்பலாமாலே?" ஒரு தட்டு நிறைய அப்பளம் பொரிச்சு, பெல் அடிச்சு, பலகையையும் தட்டையும் கையிலயே குடுத்துட்டு, "சாப்பிடுங்க"ன்னு தமிழ்லயே சொல்லிட்டு வந்தா. அந்தம்மா கதவத் திறந்தபடியே நின்னாவ.

மூணு நாள் கழிச்சு தட்டு திரும்பி வந்துது, நிறைய செர்ரிப் பழத்தோட. அன்னைக்கு ராத்திரி அம்மா சித்திகிட்ட போன்ல பேசுதா, குரல் பழையபடி சத்தமா, "இங்கயும் முறை வச்சு வாசல் பெருக்குதாவட்டி, தட்டை வெறுந்தட்டா குடுக்கல, கேட்டியா?" மணி பத்தாகப் போகுது, நான் எந்திரிச்சுப் போய் ஜன்னலை மட்டும் சாத்தினேன்.