புதியவர்களை வைத்து ஆன்லைனில் டி அண்ட் டி: இதுவரை நடந்தது

எங்கள் ஞாயிறு இரவுக் குழு முதல் கதையை ஆடி முடித்துவிட்டது. ஐந்து பேர் ஆடினார்கள், நான் நடத்தினேன். ஐவரில் ஒருவர்கூட இதற்கு முன் டேபிள்டாப் ஆர்.பி.ஜி. (ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து ஆடும் கதை ஆட்டம்) ஆடியதில்லை. மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவி, யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளி ஆசிரியர், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, டொராண்டோவில் ஒரு அக்கா, கோவையில் என் பழைய அலுவலக நண்பர். இதே மாதிரி ஒரு குழுவைத் தமிழில் தொடங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக, என்னென்ன செய்தோம், எது கைகொடுத்தது என்று எழுதி வைக்கிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: ஒருவர் சூழலைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்துகொண்டு "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை முடிவு சொல்லும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974ல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி, இந்த வகைக்கெல்லாம் தாய். நாங்கள் ஆடியது அதன் ஐந்தாம் பதிப்பு. நடத்துபவரை டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். என்பார்கள்.

புதியவர்கள் விதி தெரியாததால் ஒதுங்குகிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, எப்போது வாய் திறப்பது, என்ன சொன்னால் சரியாக இருக்கும் என்று தெரியாததால்தான் ஒதுங்குகிறார்கள். ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால் முகத்தைப் பார்த்தே அதைச் சமாளித்துவிடலாம். ஆன்லைனில் கேட்பதெல்லாம் குரல்தான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள், "நீங்க சொல்லுங்க, நீங்க சொல்லுங்க" என்று இருவருமே நிறுத்துவார்கள், அப்புறம் மௌனம். அந்த மௌனத்தைக் குறைப்பதுதான் என் முதல் வேலை என்று முடிவு செய்தேன். மற்ற ஏற்பாடுகளெல்லாம் அதிலிருந்து வந்தவைதான்.

முதலில் நேரம். டொராண்டோவில் காலை 10 மணி என்றால் கோடைகாலத்தில் நமக்கு இரவு 7.30, சிங்கப்பூரில் 10. நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். அதே 10 மணி நமக்கு 8.30 ஆகும், சிங்கப்பூரில் 11. மறுநாள் வேலைக்குப் போகிறவரை அவ்வளவு நேரம் உட்கார வைக்க முடியாது. ஆகவே இந்திய நேரம் 7.30 என்பதை நிரந்தரமாக வைத்து, குளிர்காலத்தில் டொராண்டோ அக்கா ஒரு மணி நேரம் முன்னதாக எழுவது என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் அங்கே சிக்கல் இல்லை. இரண்டரை மணி நேரம், நடுவில் பத்து நிமிட இடைவெளி. மூன்று பேர் வந்தாலே ஆட்டம் உண்டு. இந்தக் கடைசி விதி ரொம்ப முக்கியம். ஒருவர் வரவில்லை என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டால், அடுத்த வாரம் இன்னொருவருக்கு வேலை வரும்; அப்படித்தான் குழுக்கள் கலைகின்றன.

மென்பொருளில் நான் அதிக நேரம் செலவிடவில்லை. பேச டிஸ்கார்ட். வரைபடத்துக்கு அவுல்பேர் ரோடியோ, ஏனென்றால் லிங்கைத் தட்டினால் போன் பிரவுசரிலேயே திறக்கும். ஐவரில் மூன்று பேர் போனில்தான் ஆடினார்கள். ரோல்20, ஃபவுண்ட்ரி இரண்டும் நிறைய வசதி உள்ளவைதான். பெரிய திரையும் நல்ல இணைப்பும் உள்ளவர்களுக்குப் பரிந்துரைப்பேன். எங்களுக்குச் சண்டை இல்லாத காட்சிகளில் வரைபடமே தேவைப்படவில்லை.

முதல் நாள் டி அண்ட் டி ஆடவே இல்லை. ஜான் ஹார்பர் 2013ல் இலவசமாக வெளியிட்ட 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்' என்ற ஒரு பக்க ஆட்டத்தை ஆடினோம். விண்வெளிக் கப்பல், ஆளுக்கொரு பாத்திரம், பாத்திரத்துக்கு 2 முதல் 5 வரை ஒரே ஒரு எண். அறிவையும் கணக்கையும் நம்பிச் செய்யும் காரியத்துக்கு அந்த எண்ணை விடக் குறைவாக விழ வேண்டும். மனசையும் பேச்சையும் நம்பிச் செய்வதற்கு அதைவிடக் கூடுதலாக. சரியாக அதே எண் விழுந்தால், நடத்துபவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம், அவர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சாதாரண ஆறு முகப் பகடை போதும், லூடோ டப்பாவில் கிடப்பது. கோவை நண்பருக்கு அதே எண் விழுந்தது. "இந்தத் தூதர் எங்ககிட்ட எதை மறைக்கிறார்?" என்று கேட்டார். தான் கேட்ட ஒரு கேள்வி கதையையே திருப்புகிறது என்று அன்றைக்கே எல்லாருக்கும் புரிந்துபோனது. இதை விளக்கிச் சொல்லி யாருக்கும் புரிய வைக்க முடியாது, ஒருமுறை நடக்க வேண்டும்.

அடுத்த வாரம் செஷன் ஸீரோ. எந்த மாதிரிக் கதை வேண்டும், எது வேண்டாம் என்று ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்ளும் கூட்டம். வேண்டாதவற்றை எனக்குத் தனியாக எழுதி அனுப்பச் சொன்னேன். யார் எதை எழுதினார்கள் என்று சொல்லாமல் மொத்தப் பட்டியலைக் குழுவில் வைத்தேன். சிலந்தி வேண்டாம் என்று ஒருவர். ஊரை விட்டு மக்கள் மூட்டை கட்டி ஓடும் காட்சி வேண்டாம் என்று இன்னொருவர். காரணம் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ஆட்டத்தின் நடுவில் ஏதாவது ஒத்துவராவிட்டால் சாட்டில் 'எக்ஸ்' என்று ஓர் எழுத்து போட்டால் போதும், அந்தக் காட்சியை விட்டுவிட்டு நகர்வோம். இது ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு முறை. மேஜையில் அட்டையைத் தொடுவதற்குப் பதில் எழுத்து. முன்பின் அறியாதவர்கள் சேரும் குழுவில் இது இல்லாமல் நான் ஆட்டத்தைத் தொடங்கவே மாட்டேன்.

பாத்திரங்களை நானே தயாரித்துக் கொடுத்தேன்: ஃபைட்டர் (போர்வீரர்), கிளெரிக் (காயம் ஆற்றும் பூசாரி), ரோக் (மறைந்து செயல்படும் தந்திரசாலி), விசார்ட் (மந்திரவாதி), ரேஞ்சர் (காடறிந்த வேட்டைக்காரர்). புதியவர் முதல் நாளே கேரக்டர் ஷீட்டை, அதாவது பாத்திரத்தின் திறமைகளையும் எண்களையும் எழுதும் தாளை, நிரப்ப உட்கார்ந்தால் ஒரு மாலை முழுக்கப் போய்விடும். பெயரும் குணமும் மட்டும் அவர்கள் வைத்துக்கொண்டார்கள். விதிகளை இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பாக எழுதிக் கொடுத்தேன். 2023 ஜனவரியில் டி அண்ட் டி பதிப்பாளர்கள் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்.ஆர்.டி. 5.1ஐ, யாரும் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். உரிய விதத்தில் மூலத்தைக் குறிப்பிட்டால் அதை யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம், பகிரலாம். தமிழில் ஆட நினைப்பவர்களுக்கு இது பெரிய வரம்.

குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: 20 முகப் பகடையை உருட்டு, உன் திறமைக்கான எண்ணைக் கூட்டு, இலக்கை எட்டினால் வெற்றி. சுலபமான காரியத்துக்கு இலக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20. சாதகமான நிலை இருந்தால் அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு உள்ள காரியம் இதனால் 75 சதவீதம் ஆகிறது. யோசித்துச் செய்தால் வாய்ப்பு கூடும் என்பதை இதைவிட எளிமையாகக் காட்ட வழி இல்லை என்பதால், நான் அட்வான்டேஜைத் தாராளமாகவே கொடுத்தேன்.

இனி பேச வைக்கிற விஷயம். "என்ன செய்றீங்க?" என்று பொதுவாகக் கேட்டால் ஆன்லைனில் பதில் வராது. ஆளைக் கூப்பிட்டு, கண்ணுக்கு முன்னால் இருக்கிற இரண்டு வழியைச் சொல்லி, மூன்றாவதைத் திறந்து விட வேண்டும். "அக்கா, பாலத்துக்கு அந்தப் பக்கம் புகை தெரியுது. கிட்டப் போய்ப் பார்க்கலாம், இல்லை மரத்து மேல ஏறிப் பார்க்கலாம், உங்களுக்கு வேற ஏதாவது தோணினா அதுவும் சரி." முதல் இரண்டு வாரம் எல்லாரும் நான் சொன்ன இரண்டில் ஒன்றைத்தான் எடுத்தார்கள். அப்புறம் மெதுவாக மூன்றாவது வழிகள் வரத் தொடங்கின. ஒருவர் முடித்ததும் அடுத்தது யார் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: "இப்போ சார், அடுத்து தம்பி." அந்த ஒரு வரியால் தம்பிக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது.

மதுரை மாணவிக்கு வேறு பிரச்சினை. அறையில் இன்னும் மூன்று பேர் இருப்பார்கள், சத்தமாகப் பேச முடியாது. அவர் சாட்டில் எழுதுவதும் பேச்சுதான் என்று வைத்துக்கொண்டோம். அவருடைய ரோக் சொல்வதை அவர் எழுத, நான் வாசிப்பேன். அவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று திரையில் தெரிந்தால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். இந்த ஏற்பாடு குழுவின் வேகத்தையே நல்லபடியாக மாற்றியது. அவசரமாகப் பேசுகிறவர்களும் கொஞ்சம் நிதானித்தார்கள்.

கதை நானே எழுதியது. மலையடிவாரத்தில் ஒரு கிராமம், ஏரி வற்றிவிட்டது. மேலே பழைய அணையில் கோப்ளின்கள் (கதைகளில் வரும் குட்டிப் பூதங்கள்) மடையை அடைத்துவிட்டன. போய்த் திறந்து வர வேண்டும். பாலத்தில் முதல் சண்டை. ஐந்து பேருக்கு எதிரே மூன்றே கோப்ளின்கள் வைத்தேன். முதல் நிலைப் பாத்திரங்கள் எவ்வளவு மெலிந்தவை என்பதைப் புதிய டி.எம். யாராக இருந்தாலும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. எங்கள் விசார்டுக்கு 8 ஹிட் பாயின்ட் (தாங்கும் உயிர்ப் புள்ளிகள்), ஆர்மர் கிளாஸ் (அவரை அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண்) 12. கோப்ளின் பகடையோடு 4 கூட்டும். ஆகவே 8 அல்லது அதற்கு மேல் விழுந்தாலே அடிபடும், அது 65 சதவீதம். ஒரு அடிக்குச் சராசரியாக ஐந்து, ஆறு போய்விடும். இரண்டு அடி வாங்கினால் ஆள் கீழே. அப்படித்தான் விழுந்தார். சிங்கப்பூர்த் தம்பி பதறிப்போய், "அக்கா, நான் விழுந்துட்டேன், என்னைக் கொஞ்சம் பாருங்க!" என்றார். பூஜ்யத்துக்கு வந்தவுடன் சாவு இல்லை, ஒவ்வொரு சுற்றிலும் பகடை உருட்டி, 10க்குக் கீழே மூன்று முறை விழுந்தால்தான் பொதுவாகச் சாவு என்று விளக்கினேன். அவர் உருட்டும் முறை வருவதற்குள் டொராண்டோ அக்காவின் கிளெரிக் தூரத்திலிருந்தே மந்திரம் சொல்லி எழுப்பிவிட்டார். அதன் பிறகு அந்த இருவரும் எந்தக் காட்சியிலும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றார்கள்.

கடைசி நாளுக்காக அணையின் மேல் ஒரு பெரிய சண்டையைத் தயார் செய்து வைத்திருந்தேன். அது நடக்கவில்லை. மடைக்குப் பக்கத்தில் காவலுக்கு நின்ற கோப்ளினை எல்லாரும் சுற்றி வளைத்தபோது சாட்டில் ஒரு வரி வந்தது: "தண்ணியை ஏன் அடைச்சீங்க?" என் குறிப்பில் அதற்குப் பதில் இல்லை. வரைபடத்தைப் பார்த்தேன். கோப்ளின்களின் குகையை மடைக்கு நேர் கீழே வரைந்திருந்தேன். ஆகவே கோப்ளின் சொன்னது: "திறந்தா எங்க வீட்டுக்குள்ள வருது. எங்க பொடிசுங்க ஈரத்துல படுக்குதுங்க."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இது நான் குறைக்க நினைத்த மௌனம் இல்லை, எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்து ஆசிரியர் வரைபடத்தை இன்னொரு முறை பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். "மடையைத் திறந்தாலும், வாய்க்காலைக் கொஞ்சம் கிழக்கால திருப்பி விட்டா குகைக்குத் தண்ணி போகாதுதானே?" என்றார். விசார்டுக்குக் கோப்ளின் மொழி தெரியும். அவர் பக்கத்தில் நின்று பேச, ரோக் சமாதானம் பேசுவது என்று திட்டமிட்டார்கள். இலக்கு 15. ரோக்குக்கு 4 கூடும், 11 விழ வேண்டும். மொழி தெரிந்த ஆள் உதவுவதால் அட்வான்டேஜ் கொடுத்தேன். முதல் பகடை 6. இரண்டாவது 14. கூட்டினால் 18. அதுவரை எழுத்தாகவே இருந்த மாணவி மைக்கைத் திறந்து, கிசுகிசு குரலில் "யெஸ்!" என்றார். மீதி நேரம் முழுவதும் வாய்க்கால் வெட்டுவதிலேயே போனது: யார் மண்வெட்டி பிடிப்பது, கிராமத்துக்காரர்களைக் கோப்ளின்களோடு சேர்ந்து வேலை செய்யச் சம்மதிக்க வைப்பது எப்படி, தண்ணீர் பங்கு எவ்வளவு. நான் எழுதி வைத்திருந்த சண்டையை விட இது எவ்வளவோ நல்ல முடிவு.

பகடை 6லேயே நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று ஆசிரியர் பிறகு கேட்டார். பேச்சு முறிந்தது என்று கதவைச் சாத்தியிருக்க மாட்டேன். கோப்ளின் ஒப்புக்கொள்ளும், ஆனால் பிணைக்கு யாராவது ஒருவர் குகையில் இருக்க வேண்டும் என்று கேட்கும். தோற்றாலும் அடுத்து செய்ய ஒரு காரியம் இருக்க வேண்டும், புதியவர்கள் விஷயத்தில் முக்கியமாக. அவர் இதைக் கேட்டதற்குக் காரணம் உண்டு: அடுத்த கதையை அவர்தான் நடத்தப் போகிறார். இரண்டு வாரத்தில் முடியும் சின்னக் கதை, கடலோரக் கலங்கரை விளக்கம் ஒன்றில் நடக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். நான் ஃபைட்டராக ஆடுகிறேன்.

சேர விரும்பும் இன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஐந்து பேருக்கு மேல் ஒரே ஆட்டத்தில் சேர்ப்பதாக இல்லை. சண்டையில் ஆளுக்கு மூன்று நிமிடம் என்றாலும் எட்டுப் பேர் ஆடினால் ஒருவர் தன் முறைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆசிரியர் நடத்திப் பழகியதும் சனிக்கிழமைக்கு இரண்டாவது குழு தொடங்குவோம். இரண்டு பக்கக் குறிப்பில் சண்டைப் பகுதியை இன்னும் எளிமையாக்க வேண்டும் என்று டொராண்டோ அக்கா திருத்தங்கள் அனுப்பியிருக்கிறார். அதற்குள் அதை முடித்துவிடுவேன்.